தடையின்மையும் ஒரு காரணமா?

பெட்ரோல் இன்ஜின் கிளம்பாமல் போவதற்குப் பெட்ரோல் வராதது ஒரு காரணம். பெட்ரோல் மிகுந்துபோவது இன்னொரு காரணம். இரண்டாவதைத்தான் பட்டறைகளில் ‘ஓவர்ஃப்ளோ’ என்றும் ‘பிளக் நனைஞ்சு போச்சு’ என்றும் சொல்கிறார்கள். டாங்கில் பெட்ரோல் இருக்கிறது, பேட்டரியில் சார்ஜ் இருக்கிறது, செல்ஃப் சுற்றுகிறது, காற்றுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் வண்டி பிடிக்கவில்லை. அரைமணி கழித்து, புதிதாக எதையும் சேர்க்காமல், அதே சாவியைத் திருப்பினால் பிடித்துக்கொள்கிறது. வேண்டியவை எல்லாம் கூடியிருந்தும் விளைவு ஏன் வரவில்லை, எதுவும் கூடாமலே பிறகு எப்படி வந்தது என்ற கேள்வி மெக்கானிக்கோடு நிற்பதில்லை. இந்தியத் தத்துவத்தில் நியாயப் பிரிவினரான நையாயிகரும் மீமாம்சைப் பிரிவினரான மீமாம்சகரும் பல நூற்றாண்டுகள் இதே கேள்வியில் மல்லுக்கட்டினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட உதாரணம் தீ.

இன்ஜின் வழியே இந்தக் கேள்வியை அணுகச் சோழவரம் பொருத்தமான ஊர். சென்னைக்கு வடக்கே, செங்குன்றம் தாண்டி, ஜி.என்.டி. சாலையை ஒட்டிய இவ்வூரைச் சென்னைவாசிகள் குடிநீர் ஏரியால் அறிவார்கள்; மோட்டார் பந்தய ரசிகர்கள் அங்கிருந்த விமான ஓடுபாதையால் அறிவார்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் போடப்பட்ட அந்த ஓடுபாதையில் பின்னர் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் ஓடின. 1953இல் தொடங்கப்பட்ட மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல பத்தாண்டுகள் அங்கே பந்தயம் நடத்தியது. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடம் திறக்கப்பட்ட பிறகுதான் சோழவரத்தின் பெயர் மங்கியது. இன்று அந்தச் சாலையில் கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளுக்குப் போய்வரும் லாரிகளே மிகுதி. அவை டீசல் வண்டிகள். பொறி தரும் பிளக் அவற்றில் கிடையாது என்பதால் பிளக் நனையும் நோயும் அவற்றுக்கு இல்லை.

பந்தய இன்ஜினுக்கு இந்த நோய் சாதாரண வண்டியைவிட எளிதில் வரும். முழு வேகத்தில் ஓடும்போது பிளக் அளவுக்கு மீறிக் காய்ந்துவிடாமல் இருக்க, சூட்டை விரைவில் கடத்திவிடும் ‘கோல்டு’ பிளக்கைப் பொருத்துவார்கள். கொடி விழக் காத்து நிற்கையில் இன்ஜின் மெதுவாக ஓடும். அப்போது அந்தப் பிளக் தன்மேல் படியும் பெட்ரோலையும் கரியையும் எரித்துத் தள்ளுமளவுக்குச் சூடேறாது. நனைந்து, பொறியை விட்டுவிடும். ஆகவே முதலில் ‘ஹாட்’ பிளக் போட்டு இன்ஜினைச் சூடாக்கி, பிறகு அதைக் கழற்றிக் கோல்டு பிளக்கை மாட்டுவது பந்தய மெக்கானிக்குகளின் பழைய வழக்கம். வேகத்துக்குத் துணை செய்யும் அதே குணம் நிற்கும்போது தடையாகிறது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

இன்ஜினுக்குள் நடப்பது இதுதான். பெட்ரோல் திரவமாக எரிவதில்லை. ஆவியாகிக் காற்றோடு கலந்த பிறகே எரியும். அந்தக் கலவையிலும் பெட்ரோல் ஆவி கன அளவில் சுமார் 1.4 விழுக்காட்டுக்குக் குறையாமலும் 7.6 விழுக்காட்டுக்கு மிகாமலும் இருக்க வேண்டும். குறைந்தால் எரிய எரிபொருள் போதாது. மிகுந்தால் எரிக்கக் காற்று போதாது. எடைக் கணக்கில், ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். குளிர்ந்த இன்ஜினில் பெட்ரோலின் ஒரு பகுதியே ஆவியாகும் என்பதால், கிளம்பும்போது மட்டும் கூடுதலாக ஊற்ற வேண்டியிருக்கிறது. சோக்கை இழுப்பது அதற்காகத்தான். அது காற்றின் வழியைக் குறுக்கிக் கலவையில் பெட்ரோலைக் கூட்டுகிறது. சோக்கை இழுத்தபடியே செல்ஃபை அடித்துக்கொண்டு, ஆக்ஸிலரேட்டரையும் நாலைந்து முறை மிதித்தால், ஆவியாகாத பெட்ரோல் துளித்துளியாக சிலிண்டருக்குள் இறங்கும்.

இறங்கிய பெட்ரோல் பிளக்கின் வெள்ளைப் பீங்கானை நனைக்கும். கரியும் அழுக்கும் கலந்த அந்த ஈரத்தின் வழியாக மின்சாரம் கசிந்து போய்விடுவதால், முனைகளுக்கு இடையே தாவ வேண்டிய பொறி தாவாது. சிலிண்டர் சுவரில் இருக்கும் எண்ணெய்ப் படலத்தையும் பெட்ரோல் கழுவிவிடும். பிஸ்டன் ரிங்குகள் இறுக்கம் இழந்து கம்ப்ரஷன் குறையும். ஆக, கூடுதலாக வந்த ஒரே பொருள் கலவையையும் கெடுத்து, பொறியையும் தின்று, அழுத்தத்தையும் குறைத்துவிடுகிறது. வண்டி கிளம்பவில்லையே என்று மேலும் மேலும் செல்ஃப் அடிப்பவர் ஒவ்வொரு அடிக்கும் தடையைத்தான் வளர்க்கிறார்.

சென்னைப் பக்கத்தில் குளிர் அபூர்வம் என்பதால், சோக் தவறாகப் போட்டதைவிட வெயிலே இங்கே பெரிய காரணம். சூடான இன்ஜினை நிறுத்தியதும் அதன் வெப்பம், பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்பரேட்டருக்கு ஏறும். கார்பரேட்டரின் கிண்ணத்தில் தேங்கியிருக்கும் பெட்ரோல் கொதித்து உள்ளே வழியும். மிதவையில் ஓட்டை விழுந்தாலோ ஊசி வால்வு தேய்ந்தாலோ கிண்ணம் நிறைந்தும் பெட்ரோல் வருவது நிற்காது. இதற்கு நேர் எதிரான கோளாறும் அதே வெயிலில் வரும். பம்புக்கும் டாங்கிற்கும் இடையே உள்ள குழாயில் பெட்ரோல் ஆவியாகிக் குமிழி கட்டிக்கொண்டால், பம்பு வெறும் ஆவியைத்தான் இழுக்கும். இன்ஜினுக்குப் பெட்ரோலே போகாது. பழைய அம்பாசடர்காரர்கள் பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணி சுற்றி வைத்தது இதற்காகத்தான்.

ஒன்று மிகை, மற்றது இன்மை; வெளியே தெரிவதோ ஒரே குறி. பௌத்தத் தருக்கத்தில் இப்படி இரு பக்கமும் சாயும் ஏதுவுக்கு அநைகாந்திகம் என்று பெயர். மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் காஞ்சியில் மணிமேகலைக்குச் சொல்லிக்கொடுக்கும் தருக்கப் பாடத்தில் இது இடம்பெறுகிறது. மலையில் புகை இருப்பதால் அங்கே நெருப்பு உண்டு என்ற பழைய உதாரணமும் அங்கே வருகிறது. ‘வண்டி கிளம்பவில்லை, ஆகவே பெட்ரோல் வரவில்லை’ என்று முடிவுகட்டி மேலும் பெட்ரோல் அடிப்பவர் அறவண அடிகளிடம் தேறமாட்டார். பிளக்கைக் கழற்றிப் பார்ப்பதே வழி. ஈரமாக, கறுத்து, பெட்ரோல் வாசனை அடித்தால் மிகை, உலர்ந்திருந்தால் இன்மை. அனுமானம் திணறும் இடத்தில் காட்சி அளவை முடித்துவைக்கிறது.

இனித் தீயைப் பற்றிய பழைய வழக்குக்கு வரலாம். ஒரு குறிப்பிட்ட மணியைத் தீயின் அருகே வைத்தால் தீ சுடாது. மணியை எடுத்துவிட்டால் மறுபடி சுடும் என்று இரு தரப்பாரும் ஒப்புக்கொண்டு வாதத்தைத் தொடங்குகிறார்கள். அப்படி ஒரு மணி உண்டா என்பது இங்கே முக்கியமன்று. மணிக்குப் பதில் நனைந்த பிளக்கை வைத்துக்கொண்டால் வழக்கு அப்படியே நிற்கும். மீமாம்சகர் கூறுவது: மணி வந்தபோதும் தீ தீயாகவே இருக்கிறது, விறகும் இருக்கிறது, ஆயினும் சுடவில்லை. ஆகவே தீக்கு அதன் உருவத்தைத் தவிர, கண்ணுக்குப் புலப்படாத ‘சக்தி’ என்று தனியே ஒன்று இருக்க வேண்டும். மணி வந்ததும் அந்தச் சக்தி அழிகிறது. மணி போனதும் மீண்டும் பிறக்கிறது.

நையாயிகர் இதை ஏற்பதில்லை. 10ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய உதயனர், கடவுள் உண்மையை நிறுவ இயற்றிய நியாயகுசுமாஞ்சலியின் முதல் பகுதியிலேயே இந்தச் சக்தி வாதத்தை மறுக்கிறார். சுடுதல் என்ற விளைவுக்குத் தீயும் விறகும் மட்டும் காரணமல்ல. தடை இல்லாமையும் காரணங்களில் ஒன்று. மணி இருக்கும்போது காரணத் தொகுதியில் ஒன்று குறைகிறது, ஆகவே விளைவு வரவில்லை, அவ்வளவுதான். புதிதாக ஒரு சக்தியைக் கற்பித்து, அதைக் கணத்துக்குக் கணம் கொன்று, பிழைக்கவும் வைக்க வேண்டிய தேவை இல்லை.

இல்லாத ஒன்று எப்படிக் காரணமாகும் என்று மீமாம்சகர் மடக்குகிறார். இல்லாமை எதையும் செய்யாதே! குடம் உடைந்தால் ‘குடத்தின் இன்மை’ விளைவாகப் பிறக்கிறது என்று எல்லாரும் ஒப்புகிறார்கள். விளைவாகத் தகுதி பெற்ற இன்மை காரணமாக மட்டும் ஏன் தகுதி பெறாது என்பது உதயனரின் பதில். மேல்நாட்டில் இதே இடத்துக்கு ஜான் ஸ்டூவர்ட் மில் 1843இல் வந்து சேர்ந்தார். காரணம் என்பது உடன்பாட்டு நிலைமைகளும் எதிர்மறை நிலைமைகளும் சேர்ந்த மொத்தம் என்றும், எதிர்மறையானவற்றை எல்லாம் ‘தடுப்பன இல்லாமை’ என்ற ஒரே தலைப்பில் அடக்கிவிடலாம் என்றும் அவருடைய தருக்க நூல் கூறுகிறது. இன்மை காரணமாகுமா என்ற சண்டை மேல்நாட்டுத் தத்துவத் துறைகளில் இன்றும் ஓயவில்லை.

பட்டறையில் இந்தச் சண்டைக்கு முடிவு காண்பது எளிது. பெட்ரோல் மிகுந்துபோன இன்ஜினின் பிளக்கைக் கழற்றி, துணியால் துடைத்து, கம்பி பிரஷால் தேய்த்து, வெயிலில் சற்று வைத்து மாட்டினால் வண்டி பிடிக்கிறது. பீங்கான் விரியவில்லை, முனை தேயவில்லை. எதுவும் அழிந்து பிறந்ததாகத் தெரியவில்லை. உதயனர் சொல்வதே இங்கே சிக்கனமான விளக்கம். நையாயிகர் இன்னொரு நுட்பத்தையும் சேர்த்தார்கள். தடை செய்யும் மணி இருக்கும்போதே, ‘உத்தேஜகம்’ எனப்படும் ஊக்கியைக் கொண்டுவந்தால் தீ சுட்டுவிடும். ஆகவே வேண்டியது வெறும் தடையின்மை அன்று, ஊக்கி துணையற்ற தடையின் இன்மை என்று இலக்கணத்தைத் திருத்தினார்கள். படிப்பதற்கு வீண் சொற்சிலம்பமாகத் தோன்றும். ஆனால் பிளக்கைக் கழற்றாமலே வண்டியைக் கிளப்ப மெக்கானிக் செய்வது ஏறக்குறைய இதைத்தான். சோக்கை உள்ளே தள்ளி, ஆக்ஸிலரேட்டரை விட்டு விட்டு மிதிக்காமல் அடிவரை ஒரே மிதியாக அழுத்திப் பிடித்தபடி செல்ஃபை அடித்தால், காற்று வழி முழுதாகத் திறந்து, மிகுந்த பெட்ரோலை அடித்துக்கொண்டு போகிறது. உள்ளே ஈரம் முற்றும் போகும் முன்பே ஒரு சிலிண்டர் பிடித்து, மற்றவற்றை இழுத்துக்கொண்டு ஓடத் தொடங்கும். ஒவ்வொரு முறையும் பத்து வினாடிக்கு மேல் செல்ஃபை அடிக்காமல், நடுவே பேட்டரிக்கு ஓய்வு கொடுப்பது நல்லது.

ஒரு சொல் இங்கே எச்சரிக்கையாக. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் வந்தது போன்ற மழை வெள்ளத்தில் முழுகிய காருக்கு இது எதுவும் பொருந்தாது. மிகுந்த பெட்ரோல் ஆவியாகிவிடும். சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீர் எதற்கும் மசியாது. செல்ஃபை அடித்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அந்த வண்டியைத் தொடாமல் கட்டி இழுத்துப் போவதே சரி.

எப்போதும் கிளம்பாத வண்டியைவிடச் சில வேளை கிளம்பிச் சில வேளை கிளம்பாத வண்டிதான் சமயக் கேள்வியைத் தூண்டுகிறது. முழுதும் செத்த இன்ஜினுக்கு யாரும் ஜோசியம் பார்ப்பதில்லை, மெக்கானிக்கைக் கூப்பிடுகிறார்கள். நம்பமுடியாத இன்ஜினுக்குத்தான் நேரம், திருஷ்டி, கர்மம் எல்லாம் வந்து சேருகின்றன. திங்கட்கிழமை ராகு காலம் காலை 7.30 முதல் 9 வரை. எட்டு மணிக்கு வேலைக்குப் புறப்படும் ஒருவரின் கார் பெட்ரோல் மிகுந்து கிளம்ப மறுக்கிறது. ராகு காலம் போகட்டும் என்று அவர் வீட்டுக்குள் போய் உட்காருகிறார். ஒன்பது மணிக்கு வந்து சாவியைத் திருப்பினால் முதல் அடியிலேயே பிடிக்கிறது. அடுத்த மாதமும் இப்படியே. இரண்டு முறை கண்டால் போதும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது ஒரு விதியாகிவிடும்.

இங்கே நியாய நூல்கள் கற்றுத்தரும் ‘உபாதி’ என்ற கருவி உதவும். நெருப்பு இருப்பதால் புகை உண்டு என்று ஒருவர் அனுமானித்தால் அது தவறு. பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்பு உண்டு, புகை இல்லை. புகைக்குக் காரணமாக ஒளிந்திருக்கும் நிபந்தனை ஈர விறகு. அதுவே உபாதி. புகை உள்ள இடமெல்லாம் ஈர விறகு இருக்கும். நெருப்பு உள்ள இடமெல்லாம் ஈர விறகு இருக்காது. நிறுவ வந்ததோடு எப்போதும் கூடி, நிறுவக் காட்டிய ஏதுவோடு எப்போதும் கூடாமல் இருப்பது எதுவோ அதுவே உபாதி என்பது இலக்கணம். ‘ராகு காலம் கழிந்ததால் வண்டி கிளம்பிற்று’ என்பதை இதில் போட்டுப் பார்க்கலாம். வண்டி கிளம்பிய இடமெல்லாம் பிளக் உலர்ந்திருக்கிறது. ராகு காலம் கழிந்த இடமெல்லாம் பிளக் உலர்ந்திருப்பதில்லை; ஊசி வால்வு ஒழுகிக்கொண்டே இருந்தால் ஒன்பது மணிக்கும் ஈரம்தான். ஆகவே பிளக் உலர்தல் உபாதி; ராகு கால அனுமானம் விழுகிறது.

இது வெறும் ஏட்டு மறுப்பு அல்ல. ராகு காலம் இல்லாத ஒரு வேளையில் அதே அளவு காத்திருந்து பார்க்கலாம். ராகு காலத்துக்குள்ளேயே பிளக்கைக் கழற்றித் துடைத்தும் பார்க்கலாம். கூட்டியும் குறைத்தும் பார்க்கும் இம்முறைக்கு நையாயிகர் அந்வய வியதிரேகம் என்று பெயரிட்டார்கள். காத்திருத்தலில் உள்ள ஆபத்தும் இதனால் புலப்படும். மிகைக் கோளாறும் ஆவிக் குமிழிக் கோளாறும் இரண்டுமே காத்திருந்தால் தீரும். ஆதலால் காத்திருந்து வண்டி கிளம்பிற்று என்பது எந்தக் காரணத்தையும் நிறுவாது. ராகுவை மட்டுமல்ல, மெக்கானிக்கின் ஊகத்தையும் அது நிறுவுவதில்லை.

கர்மம் என்ற விடைக்கும் தத்துவ நூல்களே எல்லை வகுத்திருக்கின்றன. வைசேடிகர் கண்ணுக்குத் தெரிந்த காரணம் கிட்டாத இடத்தில் ‘அதிருஷ்டம்’, அதாவது காணப்படாத காரணம், என்று ஒன்றை வைத்தார்கள். காந்தத்தை நோக்கி ஊசி நகர்வதை அவர்களுடைய மூல நூலான கணாதரின் சூத்திரங்கள் இந்தக் கணக்கில்தான் சேர்த்தன. அதே காந்தம் பிற்காலத்தில் மோட்டார் சைக்கிளின் மாக்னெட்டோவில் சுழன்று, பிளக்குக்குக் கரண்ட் கொடுத்தது. கணாதரைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. காண்பதால் விளங்கும் இடத்தில் காணாததைக் கற்பிக்கக் கூடாது என்ற நெறியை அந்த மரபே வைத்திருந்தது. காந்தத்தில் காண்பதற்கு அன்று எதுவும் கிடைக்கவில்லை. இன்று ஊசி வால்வைக் கழற்றிப் பார்க்க வசதி உள்ளவர் முன்வினையை இழுப்பது அந்த மரபுக்கே விரோதம்.

இஸ்லாமிய மெய்யியலில் இதற்கு முற்றிலும் வேறான ஒரு நிலைப்பாடு உண்டு. 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் இமாம் கஸ்ஸாலி, பஞ்சு நெருப்பில் பட்டு எரிவதை எடுத்துக்கொண்டார். நெருப்பு பட்டபோது பஞ்சு எரிந்தது என்றுதான் கண்டோம்; நெருப்பால் எரிந்தது என்று காணவில்லை. எரியச் செய்பவன் இறைவன். இரண்டுக்கும் இடையே கட்டாயத் தொடர்பு இல்லை, இறைவன் நடத்திவரும் வழக்கம் மட்டுமே உண்டு என்பது அவர் வாதம். காரணங்களை மறுத்தால் அறிவையே மறுத்ததாகும் என்று அடுத்த நூற்றாண்டில் இப்னு ருஷ்து பதிலளித்தார். மெக்கானிக்கின் தொழிலுக்கு இருவரில் யார் வென்றாலும் பழுதில்லை. வழக்கம் சாதாரணமாக மாறாதது என்று கஸ்ஸாலியும் நம்பியதால், பிளக்கைத் துடைப்பது அவருக்கும் பயனுள்ள காரியமே.

சைவ சித்தாந்தம் தடையைப் பற்றிச் சொல்வது தமிழ் வாசகருக்கு மேலும் நெருக்கமானது. குடத்துக்கு மண் முதற்காரணம், தண்ட சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்று விளைவை மூன்றாகப் பகுத்துப் பார்ப்பது அதன் வழக்கம். ஆன்மாவின் நிலையை விளக்கும்போது அது நான்காவது ஒன்றை முன்னே கொண்டுவருகிறது. அது மலம். ஆன்மாவுக்கு இச்சை, ஞானம், கிரியை என்னும் ஆற்றல்கள் இயல்பாகவே உண்டு. ஆணவ மலம் அவற்றை மறைக்கிறது, அழிப்பதில்லை. மீமாம்சகர் சொன்னபடி சக்தி அழிந்து பிறப்பதுமில்லை. நையாயிகர் சொன்னபடி சக்தி என்று தனியே எதுவும் இல்லாமலுமில்லை. உள்ளது மறைந்திருக்கிறது, அவ்வளவே. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தின் பன்னிரண்டு சூத்திரங்களில் நிறுவிய அமைப்புக்கு இந்த நடுநிலை இன்றியமையாதது. ஆன்மாவின் அறிவு இடையில் அழிந்து மீண்டும் படைக்கப்பட்டால், வீடுபேறு அடைபவன் கட்டுண்டிருந்தவன்தானா என்ற கேள்வி வந்துவிடும்.

மலம் எத்தகையது என்பதிலும் சைவர் தெளிவாக இருந்தார்கள். அது ஒரு பொருள். வெறும் தவறான எண்ணம் அன்று. கயிற்றைப் பாம்பென்று மயங்கினால், கயிறு என்று அறிந்ததுமே மயக்கம் நீங்கும். அத்வைதிக்கு அவித்தை இத்தகையது, ஞானம் ஒன்றே அதற்கு மருந்து. கண்ணில் படலம் விழுந்தால், படலம் என்று அறிவதால் பார்வை வராது; மருத்துவன் கைவைத்து அகற்ற வேண்டும். ஆகவே தீக்கை என்னும் கிரியை தேவை என்று, 12ஆம் நூற்றாண்டில் சிதம்பரத்தில் விளங்கிய அகோர சிவாசாரியாரின் ஆகம மரபு வாதிட்டது. எது மறைக்கிறது என்ற அறிவு முதல் படிதான். பிளக் நனைந்திருக்கிறது என்று திட்டமாகத் தெரிந்துகொண்டவரின் வண்டியும் தானாகக் கிளம்பிவிடாது என்ற அளவில் இன்ஜின் சைவப் பக்கம் நிற்கிறது.

ஒப்புமையை இதற்கு மேல் நீட்டக் கூடாது. ஆணவம் அநாதி, பெட்ரோல் மிகுந்ததற்கு நாளும் மணியும் உண்டு. ஆன்மாவுக்குத் தனிச் சக்தி தேவைப்படும் காரணமும் இன்ஜினுக்கு இல்லை. அதற்கு உதயனரின் சிக்கனமே போதும். ஆயினும் ஒரு நுட்பம் கவனிக்கத் தக்கது. மலத்தை இயக்கி, முதிரச் செய்து, கழலும் பக்குவத்துக்குக் கொண்டுவருவது சிவனுடைய திரோதான சக்தியே என்றும், மறைக்கும் பணியைச் செய்வதால் அருளாகிய அதுவும் உபசாரமாக மலம் எனப்படும் என்றும் சித்தாந்தம் சொல்கிறது. துணை செய்யும் பொருளே ஒரு கட்டத்தில் தடையாக நிற்கக் கூடும் என்பதை இவ்வளவு துணிவாகச் சொன்ன சமயங்கள் குறைவு.

இனி, வண்டிக்குப் பூசை போட்டு டயருக்கு அடியில் நசுக்கும் எலுமிச்சம்பழத்தின் கணக்கு. சென்னையில் பல்லவன் சாலையை ஒட்டிய பாடிகாட் முனீஸ்வரர் கோயிலில் புது வண்டிகள் வரிசையில் நிற்கும். சோழவரத்துக்கு வடக்கே சிறுவாபுரி முருகனை வேண்டிப் போகிறவர்கள் ஜி.என்.டி. சாலையில்தான் போகிறார்கள். ஆயுத பூசையன்று கும்மிடிப்பூண்டி ஆலைகளிலும் பட்டறைகளிலும் ஸ்பானருக்கும் ஜாக்கிக்கும் சந்தனம் பூசிக் கும்பிடுகிறார்கள். இது தடை நீக்கும் செயல் என்பதில் செய்பவர்களுக்கு ஐயமில்லை. பிள்ளையாரையே தடையை வைப்பவர், தடையை நீக்குபவர் என்று இரண்டு விதமாகவும் வணங்கும் மரபு இது. கேள்வி, இந்தச் செயல் இன்ஜின் கிளம்புவதற்குக் காரணமா என்பதே.

14ஆம் நூற்றாண்டில் மிதிலையில் வாழ்ந்த கங்கேசர், நவீன நியாயத்தின் அடிப்படை நூலான தத்துவசிந்தாமணியை இந்தக் கேள்வியோடுதான் தொடங்குகிறார். அங்கே அதன் பெயர் மங்கலவாதம். நூலின் தொடக்கத்தில் கடவுள் வாழ்த்துப் பாடுவதால் நூல் முடிகிறதா? முடிகிறது என்றார்கள் முன்னோர். அப்படியானால் கடவுளை நம்பாதவர்களின் நூல்கள் எப்படி முடிந்தன? மங்கலம் பாடித் தொடங்கிய பாணரின் காதம்பரி ஏன் பாதியில் நின்றது? முன்னதற்கு, முற்பிறவியில் செய்த மங்கலம் காரணம் என்றும், பின்னதற்கு, தடைகள் மங்கலத்தைவிட மிகுந்திருந்தன என்றும் சமாதானம் சொல்லப்பட்டது. இரண்டாவது ஓரளவு கௌரவமான விடை. முதலாவது, எந்த எதிர்ச் சான்றையும் விழுங்கிவிடும் விடை. கங்கேசர் வேறு வழி காட்டினார். மங்கலத்தின் பயன் தடை நீங்குதல் மட்டுமே. நூல் முடிவதற்குக் காரணம் எழுதுபவனின் அறிவும் திறமையும் உழைப்பும். தடையே இல்லாத இடத்தில் மங்கலம் இல்லாமலும் காரியம் முடியும். திறமை இல்லாத இடத்தில் மங்கலம் இருந்தும் முடியாது.

இந்தத் தீர்ப்பு எலுமிச்சம்பழத்துக்கு அப்படியே செல்லும். டயருக்கு அடியில் வைத்து நசுக்குவதால் கண்ணுக்குத் தெரியாத தடை ஏதேனும் நீங்குமானால் நீங்கட்டும். அதை ஏற்பதும் மறுப்பதும் நம்பிக்கையின் பாற்பட்டது. ஊசி வால்வின் தேய்மானம் அந்த வகைத் தடை அல்ல. அதற்குரிய காரணம் தேடி, அதற்குரிய கருவியால் நீக்க வேண்டியது. பூசை முடித்துவிட்டோம் என்று வால்வை மாற்றாமல் விடுபவர் பக்தியிலும் தவறுகிறார், ஏனெனில் மங்கலத்திடம் அதன் வேலை அல்லாததைக் கேட்கிறார். அதேபோல், வால்வை மாற்றினோம், ஆகவே பூசைக்குப் பொருளில்லை என்பவரும் ஏதும் நிறுவிவிடவில்லை. கங்கேசர் பிரித்துவைத்த இரண்டு காரணங்களை அவர் மீண்டும் ஒன்றாக்கிக் குழப்புகிறார்.

கார்பரேட்டரின் காலம் இதற்கிடையே முடிந்துவிட்டது. இதே மாவட்டத்தில், திருவள்ளூரை அடுத்த ஆலையில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1998 முதல் தயாரித்த மிட்சுபிஷி லான்சரில் பெட்ரோலை இன்ஜெக்டர்களே அளந்து தெளித்தன. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 என்னும் புகை மாசு விதி வந்தபோது இருசக்கர வண்டிகளும் பெரும்பாலும் இன்ஜெக்ஷனுக்கு மாறின. இன்ஜெக்ஷன் இன்ஜினிலும் பிளக் நனைவது உண்டு. குறிப்பாக, வண்டியைச் சில வினாடி மட்டும் ஓட்டி நிறுத்திவிட்டு மறுபடி கிளப்பும்போது. அதற்கு உற்பத்தியாளர்கள் கணினியிலேயே வழி செய்திருக்கிறார்கள். பெரும்பாலான கார்களில் ஆக்ஸிலரேட்டரை அடிவரை அழுத்திப் பிடித்துச் செல்ஃபை அடித்தால், இன்ஜெக்டர்கள் பெட்ரோல் தெளிப்பதை நிறுத்திவிடும். இன்ஜின் காற்றை மட்டும் இழுத்து உலர்த்திக்கொள்ளும். கிளம்புவதற்காகப் பெட்ரோலை நிறுத்தும்படி கணினிக்கு எழுதிக்கொடுத்த பொறியாளர்கள் தடையின்மையைக் காரணமாகவே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த வழக்கில் தீர்ப்பு உதயனருக்கே.